பல் பதித்து ஏறும் வண்டி



நீலகிரி மலை இரயிலில் சென்று வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். அருவியைச் சொல்வார்கள், பஞ்சுபோல் கீழே தவழும் மேகத்தைச் சொல்வார்கள், வண்டி குகைக்குள் நுழைந்ததும் பிள்ளைகள் எழுப்பிய கூச்சலைச் சொல்வார்கள். இவை யாவும் இன்பந் தருவனவே. அவற்றின் சுவையை நான் குறைத்துப் பேசப் போவதில்லை. ஆயினும் இன்று உங்கள் கண்களைச் சன்னலுக்கு வெளியே செலுத்தாமல், தண்டவாளத்தின் நடுவே செலுத்துமாறு வேண்டப் போகிறேன். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகமண்டலம் செல்லும் பாதையில், கல்லாறு என்னும் சிறு நிலையம் முதல் குன்னூர் வரையில், இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையே பற்கள் வெட்டிய இரும்புச் சட்டம் ஒன்று படுத்துக் கிடக்கிறது. இந்தியாவில் வேறு எந்த இரயில் பாதையிலும் நீங்கள் இதைக் காண இயலாது. அந்தச் சட்டம் எதற்காக வந்தது, அதன்மேல் வண்டியை ஏற்றுவோர் யார், அந்த வேலை இனியும் நிலைத்திருக்க வேண்டுமா என்பவற்றையே இன்று பேச விரும்புகிறேன்.

முதலில் இரயிலின் இயல்பைச் சற்றே எண்ணிப் பார்ப்போம். இரும்புச் சக்கரம் இரும்புப் பாதையின்மேல் உருளும்போது அதற்கு எதிர்ப்பு மிகக் குறைவு. ஓர் எஞ்சின் நாற்பது, ஐம்பது பெட்டிகளை எளிதாக இழுத்துச் செல்வதன் இரகசியம் இதுவே. ஆனால் வழவழப்பான இரும்பில் எதிர்ப்புக் குறைவது போலவே பிடிப்பும் குறைந்து விடுகிறது. சமவெளியில் நன்மையாக இருந்த குணம் மலையில் தீமையாக மாறுகிறது. ஏற்றம் மிகுந்தால் சக்கரம் பற்றிக்கொள்ள வழியின்றி நின்ற இடத்திலேயே சுழலும். மழையில் நனைந்த பாதையாயின் கேட்கவே வேண்டுவதில்லை.

மலையேற விரும்பிய பொறியாளர்கள் இந்த இடர்ப்பாட்டை வெவ்வேறு வழிகளில் வென்றிருக்கின்றனர். நம் நாட்டிலேயே அவற்றுக்கு மூன்று நல்ல எடுத்துக்காட்டுகள் உண்டு.

வங்காளத்தில் 1881இல் முடிவுற்ற டார்ஜிலிங் பாதை இரண்டே அடி அகலமுள்ளது. நேராக ஏற முடியாத இடங்களில் அது தன்னைத்தானே சுற்றி வளையமிட்டு ஏறுகிறது. வளையத்துக்கும் இடமில்லாத இடங்களில் முன்னே சென்று, நின்று, பின்னோக்கி ஏறி, மீண்டும் முன்னே செல்கிறது. பாதையே தறியில் நாடா ஓடுவதுபோல் முன்னும் பின்னுமாக அமைந்திருக்கிறது. சக்கரம் வழுக்காமல் இருப்பதற்காக, எஞ்சினின் முன்புறத்தில் ஆட்கள் அமர்ந்து தண்டவாளத்தில் மணல் தூவிக்கொண்டே செல்லும் வழக்கமும் அங்கே உண்டு. இவ்வாறு அந்தச் சிறு வண்டி கூம் என்னும் இடத்தில் 2,258 மீட்டர் உயரத்தை எட்டி விடுகிறது.

இமயத்தின் மறுபகுதியில் 1903இல் திறக்கப்பட்ட கால்கா–சிம்லா பாதை வேறு வழியை மேற்கொண்டது. ஏற்றத்தை மெதுவாக்கி, தொலைவை நீட்டி, குறுக்கே வந்த மலைகளை நூற்றுக்கு மேற்பட்ட குகைகளால் துளைத்து, 96 கிலோமீட்டர் தூரம் அது வளைந்து வளைந்து செல்கிறது.

நீலகிரிக்கு இவ்விரு வழிகளும் பொருந்தவில்லை. கல்லாற்றுக்கும் குன்னூருக்கும் இடையே மலைச்சரிவு சுவர்போல் நிற்கிறது. ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தூரத்துக்குள் ஏறத்தாழ 1,300 மீட்டர் உயரம் ஏறியாக வேண்டும். அங்கே மிகச் செங்குத்தான இடத்தில் ஏற்றம் 12.28க்கு 1 ஆகும், அதாவது 12.28 மீட்டர் முன்னேறினால் ஒரு மீட்டர் மேலேற வேண்டும். நடந்து செல்பவனுக்கு இது பெரிதன்று. இரயிலுக்கோ இது மிகக் கொடிய ஏற்றம். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். வண்டியின் எடை நூறு டன் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஏற்றத்தில் எட்டு டன்னுக்கு மேற்பட்ட விசை அதை எப்போதும் கீழ்நோக்கி இழுத்துக்கொண்டே இருக்கும். வழவழப்பான சக்கரத்தை மட்டும் நம்பி அங்கே வண்டி விடுவது அறிவுடைமை ஆகாது.

இந்தப் பாதைக்கான எண்ணம் முதன்முதலில் 1854ஆம் ஆண்டிலேயே தோன்றியது. 1873இல் சென்னை இரயில்வே மேட்டுப்பாளையத்தை எட்டியது. அதற்குமேல் கால் நூற்றாண்டுக்கும் அதிகமான காலம் இரயில் மலையடிவாரத்திலேயே நின்றுவிட்டது. பயணிகள் அங்கே இறங்கி, குதிரை வண்டியிலும் மாட்டு வண்டியிலும் மலையேறினார்கள். கோடைக்காலத்தில் சென்னை மாகாண அரசாங்கமே உதகைக்குக் குடிபெயர்ந்த காலம் அது. மலையில் தேயிலைத் தோட்டங்களும் பெருகிக்கொண்டிருந்தன. எனவே இரயில் தேவை என்பதில் யாருக்கும் ஐயம் இருக்கவில்லை; எவ்வாறு ஏற்றுவது என்பதே வினாவாக இருந்தது.

சுவிட்சர்லாந்து நாட்டில் ரிகி என்னும் மலைமீது 1871இல் பல்சட்டப் பாதை அமைத்துப் புகழ் பெற்றவர் நிக்லாஸ் ரிக்கன்பாக் என்னும் பொறியாளர். அவர் 1882இல் நீலகிரிக்கு அழைக்கப்பட்டு வந்து, மலையைப் பார்த்து, ஒரு திட்டமும் தந்து சென்றார். ஆனால் இறுதியில் நீலகிரியில் அமைந்த முறை அவருடையதன்று. அவரிடம் பணி பயின்ற ரோமன் ஆப்ட் என்பவர் அதே 1882ஆம் ஆண்டில் உருவாக்கிய முறையே இங்கு ஏற்கப்பட்டது. ஆசிரியனாக வாழ்நாளைக் கழித்தவன் ஆதலால், மாணவர் ஆசிரியரை விஞ்சிய இந்தச் செய்தியில் எனக்குத் தனியான மகிழ்ச்சி உண்டு.

மாணவர் செய்த மாறுதல் என்ன? ரிக்கன்பாக்கின் சட்டம் தரையில் படுக்க வைத்த ஏணி போன்றது. எஞ்சினின் பல்சக்கரம் அந்த ஏணியின் படிகளில் ஒவ்வொன்றாகக் கால் வைத்து ஏறும். ஆப்ட் என்ன செய்தார் என்றால், பற்கள் வெட்டிய இரண்டு சட்டங்களை அருகருகே நிறுத்தினார். ஒரு சட்டத்தின் பல் இருக்கும் இடத்தில் அடுத்த சட்டத்தின் பள்ளம் வருமாறு மாற்றி அமைத்தார். ஆகவே ஒரு சக்கரத்தின் பல் விடுபடும் வேளையில் மற்றொரு சக்கரத்தின் பல் பதிந்திருக்கும். பிடிப்பு எந்தக் கணமும் அறுவதில்லை. வண்டி குலுங்குவதும் குறைகிறது. படியேறும்போது ஒரு காலை எடுத்த பிறகே மறுகாலை ஊன்றுவோமாயின் விழுந்து விடுவோம் அன்றோ? ஊன்றிய பிறகே எடுக்க வேண்டும். இந்த எளிய உண்மையை இரும்பில் வடித்தவர் ஆப்ட்.

பாதை வேலை 1891இல் தொடங்கியது. இடையில் நிறுவனம் பொருள்முட்டுப்பாட்டால் கலைந்து, புதிய நிறுவனம் எழ வேண்டியதாயிற்று. 1899இல் குன்னூர் வரை வண்டி ஓடிற்று. 1908இல் உதகமண்டலம் வரை நீண்டது. மொத்த நீளம் 46 கிலோமீட்டர். கடல் மட்டத்திலிருந்து 326 மீட்டர் உயரத்தில் தொடங்கி 2,203 மீட்டர் உயரத்தில் முடிகிறது. வழியில் 208 வளைவுகள், 250 பாலங்கள், 16 குகைகள். இந்த எண்களை நாம் ஒரே மூச்சில் படித்து விடுகிறோம். ஆனால் ஒவ்வொரு குகையும் மனிதர் பாறையைத் துளைத்து உண்டாக்கியது. ஒவ்வொரு பாலத்தின் கல்லும் யாரோ ஒருவர் தோளில் சுமந்தது. வரைபடம் தீட்டியவர்களின் பெயர்கள் நூல்களில் இருக்கின்றன. அடிவாரத்துக் காட்டில் காய்ச்சலோடும், மேலே குளிரோடும் போராடிய கூலித் தொழிலாளரின் பெயர்கள் எந்தக் கல்லிலும் இல்லை. அந்தப் பாலங்களின்மேல் வண்டி செல்லும்போது இதனையும் நாம் எண்ணுவது கடமையாகும்.

இனி வண்டியில் ஏறுவோம். காலையில் மேட்டுப்பாளையத்திலிருந்து புறப்படும் வண்டி பாக்குத் தோப்புகளின் நடுவே மற்ற வண்டிகளைப் போலவே சமநிலத்தில் ஓடுகிறது. ஏறத்தாழ எட்டுக் கிலோமீட்டரில் கல்லாறு. அங்கிருந்து பல்சட்டம் தொடங்குகிறது. வண்டி வேகத்தைத் தணித்து, நடப்பது போல நகர்ந்து, பல்லைப் பல்லோடு பொருத்திக்கொள்கிறது. அதன்பின் மணிக்குப் பதின்மூன்று கிலோமீட்டர் வேகமே. சைக்கிளில் செல்பவன்கூட அதை முந்திவிடக்கூடும். காதைக் கூர்ந்து வைத்தால் இதுவரை கேளாத ஓர் ஒலி அடியிலிருந்து எழுவதைக் கேட்கலாம்.

பல ஆண்டுகளுக்கு முன், கோவை மாவட்டத்தில் நான் பணியாற்றிய பள்ளியிலிருந்து ஒன்பதாம் வகுப்பு மாணவர் முப்பது பேரை இந்த வண்டியில் அழைத்துச் சென்றேன். கல்லாற்றில் வண்டி நின்றதும் பிள்ளைகள் நடைமேடையில் இறங்கினார்கள். உழவர் குடும்பத்துப் பையன் ஒருவன் வண்டியின் இரு முனைகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தான்.

“ஐயா, மாட்டை வண்டிக்குப் பின்னால் கட்டியிருக்கிறார்களே?” என்றான்.

உண்மைதான். மலையேறும்போது எஞ்சின் முன்னால் நின்று இழுப்பதில்லை. பின்னால் நின்று தள்ளுகிறது. முதற்பெட்டியின் முகப்பில் நின்றிருந்த பிரேக்ஸ்மேன் ஒருவர் இந்தக் கேள்வியைக் கேட்டுச் சிரித்தார். பிறகு பையனை அருகில் அழைத்து, “தம்பி, ஏற்றத்திலே மாடு முன்னால் போகும்போது பூட்டாங்கயிறு அறுந்தால் வண்டி எங்கே போகும்?” என்று கேட்டார்.

“கீழே உருண்டு போகும், அண்ணா.”

“மாடு கீழ்ப்பக்கம் நின்று முட்டுக்கொடுத்தால்?”

பையன் ஒரு கணம் எண்ணினான். “எங்கேயும் போகாது” என்றான்.

அவ்வளவுதான் பாடம். ஏறும்போதும் இறங்கும்போதும் எஞ்சின் எப்போதும் பள்ளத்துப் பக்கமே இருக்கும். பெட்டிகளை இணைக்கும் கொக்கி அறுந்தாலும் அவை எஞ்சின்மேல் சாய்ந்து நிற்குமேயன்றி ஓடிவிட மாட்டா. நான் கரும்பலகையில் அரைமணி நேரம் விளக்கியிருக்கக் கூடியதை அந்தப் பெரியவர் இரண்டு கேள்விகளில் முடித்து விட்டார்.

அந்த எஞ்சினைப் பற்றியும் சில சொற்கள் சொல்ல வேண்டும். எக்ஸ் வகை எனப்படும் இந்த எஞ்சின்கள் 1914ஆம் ஆண்டு முதல் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரத்துத் தொழிற்சாலையிலிருந்து வந்தவை. சாதாரண நீராவி எஞ்சினின் ஒவ்வொரு பக்கத்திலும் ஓர் உருளை இருக்கும். அதனுள் நீராவி புகுந்து உந்துதண்டைத் தள்ளும். இதிலோ ஒவ்வொரு பக்கத்திலும் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு உருளைகள். சமநிலத்தில் கீழ் உருளைகள் மட்டும் வேலை செய்கின்றன. அவை வழக்கமான சக்கரங்களைச் சுழற்றுகின்றன. பல்சட்டம் தொடங்கியதும், கீழ் உருளையில் வேலை செய்து களைத்த நீராவி வெளியே போய்விடாமல் மேல் உருளைக்குச் செலுத்தப்படுகிறது. அங்கே அது எஞ்சியுள்ள வலிமையைக் கொண்டு பல்சக்கரங்களைச் சுழற்றுகிறது. ஒரே நீராவி இரண்டு முறை உழைக்கிறது. நிலையத்தில் நின்று பார்ப்பவர்கள், மேல் தண்டும் கீழ்த் தண்டும் வெவ்வேறு தாளத்தில் அசைவதைக் கண்ணாலேயே காணலாம். இயற்பியல் நூலில் அழுத்தம், விரிவு, ஆற்றல் என்று நீங்கள் படித்து மறக்கும் சொற்கள் எல்லாம் அங்கே எண்ணெய் பூசிக்கொண்டு உங்கள் முன் நடமாடுகின்றன.

நீராவிக்குத் தண்ணீர் வேண்டும். எனவே வண்டி நடுவழி நிலையங்களில் நின்று தண்ணீர் குடிக்கிறது. ஹில்குரோவ் நிலையத்தில் வண்டி நிற்கும்போது பயணிகள் தேநீர் அருந்துகிறார்கள். குரங்குகள் அவர்களுடைய தின்பண்டத்தில் பங்கு கேட்கின்றன. குன்னூர் வந்ததும் பல்சட்டம் முடிந்துவிடுகிறது. அதற்கு மேலும் ஏற்றம் உண்டெனினும், சக்கரத்தின் பிடிப்பைக் கொண்டே ஏறிவிடலாம். அங்கே நீராவி எஞ்சின் விடைபெற, டீசல் எஞ்சின் வண்டியை வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் வழியாக உதகைக்கு இழுத்துச் செல்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து உதகை சேர ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகிறது.

இந்த ஐந்து மணி நேரத்தில் நமக்காக உழைப்பவர்கள் யார் யார்? எஞ்சினில் ஓட்டுநரும் அவருக்குத் துணைவரும் இருக்கின்றனர். கொதிகலனில் நீர் மட்டம் தாழாமலும், நீராவியின் அழுத்தம் குறையாமலும், ஏற்றத்தின் ஒவ்வொரு வளைவுக்கும் ஏற்பத் தீயை வளர்ப்பது அவர்கள் வேலை. நிலக்கரியாயினும் எண்ணெயாயினும் தீயின் நிறத்தைக் கண்டே நிலைமையை அறிபவர்கள் அவர்கள். எஞ்சின் பின்னால் இருப்பதால் ஓட்டுநருக்கு முன்னுள்ள பாதை தெரியாது. முதற்பெட்டியின் முகப்பில் நிற்கும் பிரேக்ஸ்மேனே அவருக்குக் கண். பாதையில் பாறை விழுந்திருக்கிறதா, யானை நிற்கிறதா என்று பார்த்து, பச்சைக் கொடியாலோ சிவப்புக் கொடியாலோ அவர் செய்தி சொல்கிறார். ஒவ்வொரு பெட்டியிலும் இவ்வாறு ஒருவர் நின்று, எஞ்சினின் ஊதல் ஒலிக்கேற்பக் கைப்பிரேக்கை இறுக்கியும் தளர்த்தியும் வருகிறார். இவர்களையன்றி, மழையிலும் பனியிலும் பாதையில் நடந்து சட்டத்தையும் ஆணியையும் சோதிக்கும் கேங்மேன்கள் உண்டு. 2009 நவம்பரில் பெய்த பெருமழையில் மலைச்சரிவுகள் பல இடங்களில் பாதைமேல் சரிந்து வண்டி நின்றது. மண்ணை அள்ளி, பாறையை உடைத்து, பாதையை மீண்டும் நிறுத்தியவர்களும் இத்தகைய தொழிலாளரே. வடகிழக்குப் பருவமழையில் இந்தப் பாதை துயருறாத ஆண்டுகள் குறைவு.

கல்லாற்றில் கண்ட பிரேக்ஸ்மேனிடம், “இந்த வேலையை எங்கே கற்றீர்கள்?” என்று கேட்டேன். “மூத்தவர் பக்கத்தில் நின்று கற்றேன், ஐயா. எவ்வளவு இறுக்க வேண்டும் என்பது புத்தகத்தில் இல்லை, கைக்குத்தான் தெரியும்” என்றார். ஆசிரியப் பயிற்சி பெற்று, பாடநூல்களோடு வாழ்ந்த எனக்கு அந்தச் சொல் நெடுநாள் நினைவில் நின்றது.

இங்கேதான் ஒரு கடினமான கேள்வி எழுகிறது. உங்களில் கூர்மையான அறிவுடையோர் இதை இந்நேரம் கேட்டிருப்பீர்கள். பேருந்து இதில் பாதி நேரத்துக்குள் உதகைக்குச் சென்றுவிடுகிறது. இந்த வண்டியில் ஏறுவோர் சில நூறு பேர். அதைக் காப்பதற்கோ பெரும் பொருள் வேண்டும். பழைய எஞ்சினுக்கான உறுப்புகள் கடையில் கிடைப்பன அல்ல. ஆண்டுதோறும் மலை சரிகிறது. ஆண்டுதோறும் செப்பனிட வேண்டியிருக்கிறது. மக்கள் வரிப்பணத்தைச் சுற்றுலாப் பயணிகளின் பொழுதுபோக்குக்காகச் செலவிடலாமா? பள்ளிக்கூடம் இல்லாத ஊர்கள் இன்னும் இல்லையா?

இது புறந்தள்ளத்தக்க கேள்வியன்று. “பழமை, ஆகவே போற்றுவோம்” என்பது இதற்கு விடையாகாது. பழமையானவை எல்லாம் போற்றத்தக்கவை என்றால், பழைய கொடுமைகளையும் போற்ற வேண்டி வரும். “உலகம் போற்றுகிறது” என்பதும் முழு விடையாகாது. டார்ஜிலிங் பாதை 1999இலும், நீலகிரிப் பாதை 2005இலும், கால்கா–சிம்லா பாதை 2008இலும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன. அது பெருமையே. ஆனால் பட்டியல் ஒரு வண்டியை ஓட்டிவிட முடியாது.

விடையை நாம் வியட்நாமில் தேடலாம். அந்நாட்டில் தாப் சாம் என்னும் இடத்திலிருந்து தா லாத் என்னும் மலைநகருக்குப் பிரெஞ்சுக்காரர் 84 கிலோமீட்டர் நீளத்தில் ஓர் இரயில் பாதை அமைத்தனர். அது 1932இல் முடிவுற்றது. அதிலும் செங்குத்தான பகுதிகளில் ஆப்ட் முறைப் பல்சட்டமே போடப்பட்டது. அங்கும் வின்டர்தூரில் பிறந்த நீராவி எஞ்சின்கள் ஓடின. நீலகிரி வண்டிக்கு அது உறவு என்றே சொல்லலாம். போர் வந்தது. பாதை தாக்குதலுக்கு உள்ளாகி 1960களின் இறுதியில் கைவிடப்பட்டது. போர் முடிந்தபின், நாட்டின் முதன்மைப் பாதையைச் செப்பனிட வேண்டும் என்பதற்காக மலைப்பாதையின் தண்டவாளங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டன. பசித்த குடும்பம் பாத்திரத்தை விற்பது போன்ற செயல் அது. அதைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. துருப்பிடித்துக் கிடந்த எஞ்சின்களில் சிலவற்றைச் சுவிட்சர்லாந்து நாட்டு ஆர்வலர்கள் விலைக்கு வாங்கி, 1990இல் தங்கள் நாட்டுக்கே எடுத்துச் சென்று, பழுது பார்த்து, ஃபூர்க்கா மலைப்பாதையில் ஓட்டி வருகிறார்கள். தா லாத்தில் இன்று அழகிய நிலையம் இருக்கிறது. அதைச் சுற்றி ஏழு கிலோமீட்டர் அளவுக்குச் சுற்றுலா வண்டி ஓடுகிறது. மலையடிவாரத்துக்கு இறங்கும் பாதை இல்லை, பல்சட்டமும் இல்லை.

இதிலிருந்து நாம் அறிவது என்ன? ஒரு பாதையை இழப்பதற்குச் சில ஆண்டுகள் போதும். திரும்பப் பெறுவதற்கு அரை நூற்றாண்டும் போதவில்லை. இரும்பைப் பின்னர் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் ஏற்றத்தில் தீயை வளர்க்கத் தெரிந்தவரும், கைப்பிரேக்கின் அளவறிந்தவரும், கொதிகலனின் ஒலியைக் கேட்டே பழுதை உரைப்பவரும் ஒரு தலைமுறை இடைவெளி விழுந்தால் மறைந்து விடுவார்கள். அவர்களை எந்தத் தொழிற்சாலையிலும் வார்த்தெடுக்க இயலாது. நீலகிரி வண்டியில் ஓராண்டு செலவிடும் பொருள், அத்தகைய அறிவு கையிலிருந்து கைக்கு மாறுவதற்கு நாம் செலுத்தும் கட்டணம் என்றே நான் கருதுகிறேன். பள்ளிக்கூடத்துக்குச் செலவிடுவது சரி என்றால், இதுவும் ஒரு பள்ளிக்கூடமே.

இது வெறும் சொல் அலங்காரம் அன்று என்பதற்குச் சான்று திருச்சிராப்பள்ளியில் இருக்கிறது. அகலப்பாதைகளில் நீராவி வண்டிகள் 1995ஆம் ஆண்டளவில் ஓய்ந்து போயின. எஞ்சின் கட்டும் தொழிற்சாலைகள் நீராவியை அதற்கு முன்பே மறந்துவிட்டன. நீலகிரியின் பழைய எஞ்சின்களோ முதுமையால் தளர்ந்துகொண்டிருந்தன. அந்நிலையில் பொன்மலைப் பணிமனைத் தொழிலாளர்கள், பழைய எஞ்சின்களைப் பல்லாண்டு காலம் பழுது பார்த்துப் பெற்ற அறிவைக் கொண்டு, எண்ணெயால் இயங்கும் புத்தம்புதிய எக்ஸ் வகை எஞ்சினைத் தாங்களே கட்டி 2011இல் வெளியே கொண்டு வந்தார்கள். அதனைத் தொடர்ந்து மேலும் சில எஞ்சின்கள் அங்கே பிறந்தன. ஒரு நூற்றாண்டுக்கு முன் சுவிட்சர்லாந்திலிருந்து கப்பலில் வந்த பொருளை, இருபத்தோராம் நூற்றாண்டில் காவிரிக்கரையில் நம் மக்கள் செய்தார்கள். வண்டி இடைவிடாது ஓடிக்கொண்டிருந்ததனால்தான் அந்த அறிவு உயிரோடிருந்தது. நிறுத்தி வைத்துக் காட்சிசாலையில் பூட்டியிருந்தால் எஞ்சின் பளபளப்பாக இருந்திருக்கும்; அதைப் போன்ற இன்னொன்றைச் செய்யத் தெரிந்த கை இருந்திராது.

கல்லாற்றில் கேள்வி கேட்ட மாணவனைப் பற்றி ஒரு சொல். ஊர் திரும்பிய பின், அவ்வாண்டு அறிவியல் கண்காட்சிக்கு அவன் பலகையில் பற்கள் வெட்டி ஆப்ட் முறைக்கு ஒரு மாதிரி செய்து கொண்டு வந்தான். முதலில் ஒற்றைச் சட்டம் செய்திருக்கிறான். சக்கரம் பல்லுக்குப் பல் துள்ளியிருக்கிறது. பிறகு இரண்டாவது சட்டத்தை மாற்றி வைத்து ஒட்டியிருக்கிறான். சக்கரம் அமைதியாக ஏறியிருக்கிறது. “ஐயா, ஏன் இரண்டு வைத்தார்கள் என்பது செய்தபோதுதான் தெரிந்தது” என்றான். அந்த மரப்பலகையை நான் ஓய்வு பெறும்வரை வகுப்பில் பயன்படுத்தி வந்தேன். ஆண்டுதோறும் நான் கேட்கும் கேள்வி ஒன்றே: “ஒன்று போதுமே, ஏன் இரண்டு?” சக்கரத்தைத் தங்கள் விரலால் உருட்டிப் பார்த்த பிள்ளைகள் ஒருவர்கூட அந்த விடையைத் தேர்வில் தவறவிட்டதில்லை.

ஆகவே, மாணவச் செல்வங்களே, உங்களிடம் மூன்று வேண்டுகோள்கள் வைக்கிறேன். நீலகிரிக்குச் செல்ல வாய்ப்பு நேருமாயின், ஒருமுறையேனும் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை நீராவி வண்டியில் செல்லுங்கள். இஃது முதலாவது. கல்லாற்றில் வண்டி நிற்கும்போது சட்டத்தின் பற்களை நடைமேடையிலிருந்தே நன்றாகப் பாருங்கள். ஓடும் வண்டியின் வாயிலில் தொங்கிக்கொண்டு பார்க்க வேண்டா. இஃது இரண்டாவது. மூன்றாவது, வண்டி நிற்கும் நேரத்தில் பிரேக்ஸ்மேனிடமோ எஞ்சின் அருகே எண்ணெய்க் கிண்ணத்தோடு நிற்பவரிடமோ சென்று, வணக்கம் சொல்லி, உங்களுக்கு விளங்காத ஒன்றைக் கேளுங்கள். அருவியையும் மேகத்தையும் படம் பிடித்துக்கொண்டு வருவோர் பலர். அவர்கள் கையில் இருக்கும் அறிவைக் கேட்டு வாங்கி வருவோர் சிலரே. அந்தச் சிலருள் நீங்களும் இருக்க வேண்டும் என்பது என் விருப்பம். உங்களுள் ஒருவர் நாளை பொன்மலையில் ஒரு கொதிகலனின் முன் நிற்கக் கூடும். அவருக்கு இன்றே என் வாழ்த்துகளைச் சொல்லிக்கொள்கிறேன்.